வயசுப் பிள்ளைகளின் தூக்கம்



கைக்குழந்தை தூங்கினால் வீட்டில் யாரும் சத்தம் போடமாட்டோம். "தூங்கட்டும், தூங்கினாத்தான் வளரும்" என்போம். அதே குழந்தைக்குப் பதினாலு வயசாகி, காலையில் எழுந்திருக்கச் சிணுங்கினால், "எருமைமாடு மாதிரி தூங்குறான் பாரு" என்று வசவு. பெண்பிள்ளையாக இருந்துவிட்டால் மூதேவியையும் துணைக்குக் கூப்பிடுகிறோம். ஆனால் தூங்கினால்தான் வளரும் என்பது பதினாலு வயசுக்கும் பொருந்தும்.

13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். உடம்பை வளர்க்கும் சுரப்பு ஆழ்ந்த உறக்கத்தில்தான் அதிகமாக ஊறுகிறது. பகலில் படித்த பாடம் மூளையில் நன்றாகப் பதிவதற்கும் உறக்கம் வேண்டும். ஆகவே, விடிய விடியப் படித்துவிட்டுத் தூங்காமல் பரீட்சைக்குப் போகிற பிள்ளை, விதைத்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் விட்டவர் மாதிரிதான்.

சரி, நேரத்தோடு படுக்கச் சொன்னால் ஏன் தூங்கமாட்டேன் என்கிறார்கள்? இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்றொரு சுரப்பு ஊறும். 'ராத்திரி ஆயிடுச்சு' என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். பருவ வயதில் அது ஒன்று, இரண்டு மணி நேரம் பிந்தி ஊறுகிறது. முன்பு ஒன்பது மணிக்கே கண் செருகிய பிள்ளை, இப்போது பத்தரை, பதினொன்று வரை விழித்துக் கிடப்பது இதனால்தான். இது சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. இருபது வயதைத் தாண்டும்போது மெள்ளச் சரியாகிவிடும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்காகவே 2019-இல் சட்டம் போட்டார்கள். 2022 ஜூலை முதல் அங்கே உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது. கிராமப்புறப் பள்ளிகளுக்கு விலக்காம்! அங்கேயும் கிராமம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

நம் ஊரில் ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளை ஐந்தரைக்கு எழவேண்டும். எட்டு மணி நேரம் தூங்க வேண்டுமானால் ஒன்பதரைக்கே கண் அயர வேண்டும். ஒன்பதரைக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? ஒரே அறை, எரிகிற டியூப்லைட், டி.வி.யில் சீரியல். பிள்ளை மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்றால் நியாயமா? கணவனும் மனைவியும் பேசி முடிவெடுங்கள். எட்டு மணிக்குள் சாப்பாடு, ஒன்பது மணிக்கு டி.வி. நிறுத்தம், வெளிச்சமும் குறையட்டும். செல்போனைக் கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜ் போட்டு வையுங்கள், உங்கள் போனையும் சேர்த்துத்தான். அப்பா கட்டிலில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு மகனைத் திட்டினால் அவன் கேட்கமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்க விடாதீர்கள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் திங்கட்கிழமை உடம்பு இன்னும் பிந்திப் போகும். எழுந்ததும் வாசலில் வெயில் படும்படி கொஞ்ச நேரம் நிற்கட்டும். காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தை முன்னே தள்ளும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீ, காப்பி வேண்டாம். அதன் வேகம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பரீட்சைக் காலத்தில் பிளாஸ்கில் டீ போட்டு வைக்கிற அம்மாமார்கள் இதைக் கவனிக்க வேணும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் பையன் ஆறு மணி வரை தூங்குகிறான். அவளோ நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, அடுப்படியில் கைகொடுத்து, பிறகு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். படுப்பதும் பாத்திரம் தேய்த்த பிறகுதான். அவளுக்கும் அதே 8 மணி நேரம்தான் கணக்கு. தண்ணீரைத் தகப்பனாரோ பையனோ பிடிக்கலாம். குடம் தூக்கினால் கௌரவம் குறையாது. அதிகாலை ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, மாலையில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

நன்றாகத் தூங்கியும் பகலெல்லாம் சோர்வு, முகம் வெளுப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல் இருந்தால் இரத்தசோகையாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தினமும் பலமாகக் குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளையையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பல நாள் தூக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல் ஒதுங்கி, "இருந்து என்ன பிரயோசனம்" என்கிற மாதிரி பேச்சு வந்தால், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்து வாருங்கள். இரவு நேரமானால் 104 அல்லது 14416 எண்ணுக்குப் போன் செய்யலாம், கட்டணம் கிடையாது.