முடிவுறாத பந்தயம்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் மாலை வேளைகளில் சிறுவர்கள் பந்தாடுவதை நான் பார்ப்பதுண்டு. கழற்றிவைத்த செருப்புகளே அவர்களுக்குக் கோல் கம்பங்கள். இருட்டிவிட்டால், "மிச்சம் நாளைக்கு" என்று கூறிக் கலைந்துவிடுவார்கள். 2020-ஆம் ஆண்டில் ஆசியக் கண்டத்துப் பந்தயம் ஒன்றும் இவ்வாறே இடையில் நின்றது. ஆனால் அதற்கு அந்த நாளை வரவேயில்லை.

2018-19-ஆம் ஆண்டின் ஐ-லீக் பந்தயத்தில் சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் 43 புள்ளிகள் பெற்று முதலிடம் அடைந்தது. கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஒரே புள்ளியில் பின்தங்கியது. அவ்வெற்றியின் பயனாக ஆசியக் களத்தில் ஆடும் பேறு நம்மவர்களுக்குக் கிட்டியது. சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்தில் பஹ்ரைனின் ரிஃபா கழகத்திடம் தோற்றபின், இரண்டாம் படியான ஏ.எப்.சி. கோப்பைப் பந்தயத்தில் இடம்பெற்றனர். மாலத்தீவின் மாசியா கழகத்துடன் ஆடிய முதல் ஆட்டம் 2-2 எனச் சமமாக முடிந்தது. அன்று 2020 மார்ச் 11. அதே நாளில்தான் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது.

ஒரு கழகம் மற்றொரு நாட்டுக்குச் சென்று ஆடுவதும், அந்நாட்டுக் கழகம் திரும்ப இங்கு வந்து ஆடுவதுமே இத்தகைய பந்தயத்தின் உயிர்நாடி. நோயோ அதே விமானத்தில் அதே வழியில் பயணம் செய்தது. மார்ச் 25 முதல் நாடே அடங்கியது. மயிலை மாடவீதிகளில் அவ்வாண்டுப் பங்குனியில் தேர் ஓடவில்லை. தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அவ்வாறிருக்கப் பந்து மட்டும் எங்ஙனம் உருளும்?

எல்லாக் கழகங்களையும் ஓரூரில் கூட்டி ஆடச்செய்வது ஒன்றே வழியாயிற்று. சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் கத்தார் நாட்டில் அவ்வாறு நடந்தன. அங்கும் நோய் விடவில்லை. முந்திய ஆண்டின் வெற்றியாளரான சவூதி அரேபியாவின் அல் ஹிலால் கழகத்தில் பலர் நோயுற்றனர். ஓர் ஆட்டத்திற்குப் பதினொருவர் பெயரையே அது கொடுக்க முடிந்தது. விதிப்படி அக்கழகம் விலக நேர்ந்தது. ஆயினும் டிசம்பர் 19-ஆம் நாள் இறுதியாட்டம் நடந்து, தென்கொரியாவின் உல்சான் கழகம் ஈரானின் பெர்செபோலிஸ் கழகத்தை 2-1 என வென்றது.

ஏ.எப்.சி. கோப்பையின் கதி வேறு. ஐந்து மண்டலங்களில் சிதறிக்கிடந்த கழகங்களை ஒருங்கிணைப்பது அரிதென்று, செப்டம்பர் 10-ஆம் நாள் பந்தயமே கைவிடப்பட்டது. மேற்படிப் பந்தயம் நிறைவுற்றது. கீழ்ப்படிப் பந்தயம் அழிந்தது. நோய் எல்லோரையும் ஒன்றாகவே தாக்கிற்று. ஆனால் எழுந்து நிற்கும் வலிமை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. சென்னை சிட்டி கழகத்துக்கு அந்த வாய்ப்பு மீண்டும் கிட்டவில்லை. 2021-க்குப் பின் அது ஐ-லீகிலும் ஆடவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களில் பலருக்கும் தேர்வு நடவாது கழிந்த ஆண்டு அது. முடிவுறாத ஆட்டம் நடவாத ஆட்டமாகிவிடாது. கடற்கரைச் சிறுவர்கள் மறுநாள் வந்ததும் முதலில் கேட்பது, "நேற்று எத்தனைக்கு எத்தனை?" என்பதே. நாமும் அந்த 2-2 என்ற கணக்கை மறவாதிருப்போமாக.