குடும்பத்தோடு வளரும் வீடு
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் அக்ரஹார வீடுகளுக்குப் பக்கச் சுவர் பொது. வெயில் படுவது முன்புறம், பின்புறம், கூரை மட்டுமே. சூடான காற்று லேசானது. முற்றத்தின் வழியே மேலே போய்விடும். இதே பௌதிகத்தைத்தான் சார்லஸ் கொரியா 1960களின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் கட்டிய 'குழாய் வீட்டில்' கையாண்டார். சாய்ந்த கூரையின் உச்சியிலிருந்த திறப்பு வழியே உஷ்ணம் வெளியேறியது. அந்த வீடு இன்று இல்லை, தத்துவம் இருக்கிறது.

பி.வி. தோஷி, 1980களில் இந்தூர் அரண்யா குடியிருப்பில், அடிப்படை வசதிகளை மட்டும் அமைத்துக் கொடுத்து, மீதியைக் குடும்பங்களே வசதிப்படி கட்டிக்கொள்ள விட்டார். 1995இல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது.

நவி மும்பை பேலாப்பூரிலோ கொரியா பொதுச் சுவரையே தவிர்த்தார். அண்டை வீட்டாரைக் கேளாமல் வீட்டைப் பெருக்கலாம் அல்லவா?

வரிசை வீட்டில் பக்கவாட்டில் இடமில்லை. மேலேதான் வளர வேண்டும். ஆகவே மாடிக்கும் சேர்த்தே அஸ்திவாரம் போடுங்கள். மாடிப்படி வாசலருகே தனியாக இருக்கட்டும். மாடியிலும் சமையலறைக்கு வேண்டிய குழாய்களை அமையுங்கள். கீழே பெரியவர்களுக்குக் குளியலறையுடன் ஓர் அறை அவசியம். பிள்ளை திரும்பி வந்தால் மாடியில் தனிக் குடித்தனம், வராவிட்டால் வாடகை. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் உறவு கெடாது.