உடைந்த யன்னல் கண்ணாடி

இரத்தோட்டைக்கு மேலேயுள்ள றிவர்ஸ்டன் பக்கத்துக் காற்றை அறிந்தவர்களுக்கு யன்னல் கண்ணாடியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. கொளுக்கி மாட்டாத யன்னல் ஒருமுறை அடித்தாற் போதும்.

விரிசல் விழுந்த கண்ணாடியைப் பழையபடி ஆக்க இயலாது. ஒட்டுநாடா சில நாள் மழையைத் தடுக்கும், அவ்வளவே. மாற்றுவதுதான் முறை.

தடித்த கையுறை அணிந்து, துண்டுகளை மேலிருந்து கீழாக எடுங்கள். பழைய புட்டியை உளியாற் சுரண்டிச் சிற்றாணிகளைப் பிடுங்குங்கள். இனித்தான் பலர் தவறுமிடம். சட்டத்தின் பள்ளத்தை அளந்து, நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் குறைத்தே கண்ணாடியை வெட்டுவிக்க வேண்டும். மாத்தளையில் ஐப்பசி முதல் தை வரையான மழையில் மரம் ஊதும். இடைவெளி இல்லையேல் புதுக் கண்ணாடியும் வெடிக்கும்.

வெறும் மரத்துக்கு முதலில் மெல்லிய பூச்சு இடுங்கள். இல்லாவிடின் புட்டியிலுள்ள ஆளிவிதை எண்ணெயை மரமே குடித்துவிடும். புட்டி காய்ந்து உதிரும். பள்ளத்தில் சிறிது புட்டி தடவி, கண்ணாடியை நடுவில் அழுத்தாது ஓரங்களில் அழுத்திப் பதியுங்கள். ஆணி அடித்து, வெளிப்புறம் புட்டியைச் சரிவாக இழுத்துவிடுங்கள். வர்ணம் பூச ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும்.

உடைந்த துண்டுகளைத் தேயிலைக்குள் வீசுவோர் உளர்; அங்கே வெறுங்காலுடன் நடப்போரும் உளர். கடதாசியிற் பொதிந்து, மூடியுள்ள தகரப் பேணியில் இட்டு வையுங்கள்.