அறுவடை முடிந்தது, கணக்கு முடிந்ததா?

(கொழும்பு, வெள்ளவத்தையில் கூடிய கமக்காரர்முன் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பெரும்போகத்து நெல் களத்திலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டது. கத்தரியும் பயற்றங்காயும் லொறியேறி வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் போய்விட்டன. "இம்முறை என்ன மிஞ்சியது?" என்று கேட்டால், நம்மிற் பெரும்பாலோர் மடியைத் தடவிப் பார்த்தே விடை கூறுகின்றோம். மடியில் இருப்பது பணம். அது இலாபம் அன்று. இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காட்டுவதே ஐந்தொகை.

ஐந்தொகை நமக்குப் புதியதன்று. இதே கொழும்பில், செட்டியார் தெருவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அதனைத் தவறாது எழுதி வந்தனர். கடன் கொடுத்தவர் கணக்கு வைத்திருந்தார். கடன் பெற்றவரோ பெரும்பாலும் வைத்திருக்கவில்லை. 1930 ஆம் ஆண்டையொட்டிய விலைவீழ்ச்சிக் காலத்தில், ஈட்டை மீட்க இயலாது காணியிழந்தோர் இந்நாட்டிற் பலர்.

கணக்கை முடிப்பதற்கு ஏற்ற நாள் மார்ச் மாதம் 31 ஆந் திகதியாகும். அப்பொழுது பெரும்போக அறுவடை ஓய்ந்திருக்கும். சிறுபோக உழவு மும்முரமாகியிராது. வருமான வரி ஆண்டும் அன்றே முடிகின்றது. சித்திரைப் புத்தாண்டிற் புதுக் கொப்பி திறக்கலாம்.

அன்று செய்யவேண்டியன இவை:

1. கையிலும் வங்கியிலும் உள்ள பணத்தை எண்ணி எழுதுக.

2. களஞ்சியத்து நெல், விதைநெல், எஞ்சிய பசளை ஆகியவற்றை நிறுத்து, அன்றைய விலையில் மதிப்பிடுக.

3. கருவிகளைத் தேய்வு கழித்து எழுதுக. 60,000 ரூபாவுக்கு வாங்கிய நீரிறைக்கும் இயந்திரம் பத்தாண்டு உழைக்குமெனின், ஆண்டுதோறும் 6,000 ரூபா கழிக்க வேண்டும்.

4. பிறர் நமக்குத் தரவேண்டியதையும், நாம் பிறருக்குக் கொடுக்கவேண்டியதையும் வெவ்வேறாக எழுதுக.

5. வீட்டுக்கு எடுத்த பணத்தையும், உண்ட நெல்லின் பெறுமதியையும் ஆண்டு முழுவதும் தனியே குறித்து வருக.

காணியும் வீடும் தனித்தாளில் இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கமக்காரரின் கணக்கைப் பார்ப்போம்.

சொத்துக்கள்: பணம் 60,000, நெல் 90,000, காய்கறிக் கடைக்காரர் தரவேண்டியது 25,000, விதையும் பசளையும் 20,000, கருவிகள் 205,000. ஆகமொத்தம் 400,000 ரூபா.

பொறுப்புக்கள்: வங்கிக் கடன் 110,000, பசளைக் கடைக் கடன் 70,000, கொடுபடாத கூலி 20,000. ஆகமொத்தம் 200,000 ரூபா.

எனவே அவருக்கு உரிய மூலதனம் 200,000 ரூபா. சென்ற ஆண்டு இதே நாளில் அது 230,000 ரூபாவாக இருந்தது. மடியில் 60,000 ரூபா இருக்கவும், அவர் 30,000 ரூபா தாழ்ந்திருக்கின்றார்!

வயலா அவரைக் கைவிட்டது? அன்று. அவர் வீட்டுக்கு எடுத்தது 120,000 ரூபா. குறைந்த 30,000 ரூபாவை அதிலிருந்து கழித்தால், கமம் 90,000 ரூபா இலாபம் தந்தமை புலனாகும். வீட்டுச் செலவைக் குறித்திராவிடின், அவர் நல்ல வயலைக் குறைகூறிக் குத்தகைக்கு விட்டிருப்பார். குறைக்கவேண்டியது செலவை, கைவிடவேண்டியது வயலையன்று.

இன்னுமொன்று கூறுவேன், இஃது என் சொந்தப் பிழை. பண்ணைப் பள்ளியிலிருந்து வந்த முதலாண்டில், என் தந்தையாரின் தோட்டக் கணக்கை நானே முடித்தேன். கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் ஒருவர் ஈராண்டாக ஒரு சதமும் தரவில்லை. அதனை அறிந்திருந்தும், அவர் தரவேண்டியது முழுவதையும் சொத்தென எழுதினேன். ஐந்தொகை பார்வைக்கு அழகாயிருந்தது. அதனை நம்பிக் கடன்பட்டு இயந்திரம் வாங்கினோம். அக்கடனைத் தீர்க்க என் தாயாரின் காப்பு அடைவுக்குப் போயிற்று; அது திரும்பவேயில்லை. ஆதலின், வாராக்கடனை அவ்வாண்டே கழித்துவிடுங்கள். ஏட்டில் நட்டம் எழுதுவது நோவு தரும்; ஆயினும் அந்நோவு காணியை விழுங்குவதில்லை.

ஒரு கொப்பியும் பென்சிலும் ஒரு மாலைப்பொழுதுமே இதற்கு வேண்டியவை. கணக்கு எழுதும்போது இல்லாளையும் அருகிருத்துங்கள். நாம் மறந்த கடன் பல அவருக்கு நினைவிருக்கும். முதலாண்டுக் கணக்கு உங்கள் நிலையை மட்டும் காட்டும். இரண்டாம் ஆண்டுக் கணக்கே நீங்கள் ஏறுகின்றீர்களா, இறங்குகின்றீர்களா என்பதை உரைக்கும். ஆகையால் இவ்வாண்டே தொடங்குங்கள்.