வரைபடமும் கடப்பாரையும்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் பள்ளியிலும் ஒரு மழைநீர்க் குழி இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். மாடியிலிருந்து வரும் குழாய்க்கு நேர் கீழே இருக்கும்; இல்லையென்றால் மைதானத்தில் தண்ணீர் தேங்கும் மூலையில் இருக்கும். முதல் இடம் குழாய்ச் செலவை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது இடம் நமக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் மழை விட்டு நான்கு நாளாகியும் ஓரிடத்தில் தண்ணீர் நிற்கிறது என்றால், "எனக்கு இதைக் குடிக்க முடியாது" என்று அந்த மண் சொல்கிறது. அங்கேயே குழி வெட்டி ஜல்லி போட்டு மேலும் தண்ணீரைக் கொண்டுபோய் விடுகிறோம்.

மழைநீரைக் கால்வாயில் தள்ளி ஊருக்கு வெளியே துரத்தாமல், விழுந்த இடத்திலேயே நிதானமாகத் தங்கவும் இறங்கவும் விடுவதை நீடித்த வடிகால் என்கிறார்கள். எந்த நிலம் நீரை இறக்கும், எது இறக்காது என்பதைத் தோண்டுவதற்கு முன் வரைபடத்தில் பார்க்க முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு. முடியும், ஓரளவுக்கு. அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதை மாணவர்களுக்குப் புரியவைப்பதே புவியியல் பாடம் என்பது என் கருத்து.

பிரிட்டனின் புவியியல் ஆய்வு நிறுவனம் இதற்கென்றே ஒரு மின்னணு வரைபடம் வைத்திருக்கிறது. ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் அது நான்கு கேள்விகள் கேட்கிறது. நீரை இறக்கவே கூடாது என்னும் அளவுக்குத் தடை ஏதும் உண்டா? நிலம் நீரை உறிஞ்சுமா? நீர் இறங்கினால் நிலம் சரியுமா, அமிழுமா? இறங்கும் நீர் நிலத்தடி நீரைக் கெடுக்குமா? நம் பள்ளிக் குழிகளில் இரண்டாவது கேள்வியே அபூர்வம். நான்காவதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்தக் கேள்விகளை நம்மிடம் உள்ள வரைபடங்களிடமும் கேட்கலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் பாறை வகைகள் கிடைக்கும். இஸ்ரோவின் புவன் தளத்தில் நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடங்கள் உண்டு. எந்தப் பகுதிக்கு எந்த வகைச் செறிவூட்டல் அமைப்பு பொருந்தும் என்ற குறிப்பும் அவற்றில் இருக்கும். டோப்போ ஷீட் என்று நாம் சொல்லும் நிலத்தோற்ற வரைபடத்தை சர்வே ஆஃப் இந்தியா தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். எமிஸ் வேலை போக உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் கிடைக்கும் இரண்டு பாடவேளை இதற்குப் போதும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு எங்கள் பள்ளியை இப்படித் தேடினோம். செங்கல்பட்டு மாவட்டம் என்பதால் பூகோஷில் ஊர் முழுக்க ஒரே நிறம்: சார்னோகைட். (பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைதான் அது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் அந்தக் கல் இருந்ததால் வந்த பெயர். மாணவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டார்கள்.) "அப்போ மைதானம் முழுக்க ஒரே மாதிரிதானே சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் காத்திருந்த கேள்வி அது.

வரைபடத்தின் அளவை 1:50,000. நிலத்தில் 500 மீட்டர், தாளில் 1 செ.மீ. எங்கள் வளாகம் ஒரு ஏக்கர். சதுரமாக எடுத்தால் பக்கம் சுமார் 64 மீட்டர். தாளில் அது 1.3 மில்லிமீட்டர், ஒரு ஸ்கெட்ச் பேனா புள்ளி. திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளிதான் பெரிதாகும், தகவல் கூடாது. உயரத் தரவும் அப்படித்தான். இலவசமாகக் கிடைப்பவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் 30 மீட்டர், பரப்பு 900 ச.மீ. ஒரு ஏக்கருக்கு நாலரைக் கட்டம்! நம் மைதானத்தின் அரை அடிச் சரிவு அதில் தெரியாது. விரல் நுனியில் பெரிதாக்கிப் பழகிய தலைமுறைக்கு அளவையைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

டோப்போ ஷீட்தான் உதவியது. பள்ளிக்கு மேற்கே ஏரி. அதன் நீர்ப்பரப்பின் விளிம்பு எங்கள் மேற்குச் சுவரை ஒட்டி வருகிறது. ஏரிப்படுகை என்றால் வண்டலும் களியும் படிந்திருக்க வாய்ப்பு உண்டு. பாறை வரைபடம் மேலே படிந்த இந்த மண்ணைக் காட்டவில்லை. ஊர்ப் பெயரும் ஒரு வரைபடம்தான். பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல், வேடந்தாங்கல் என்று தாங்கலில் முடியும் ஊர்களில் அந்தத் தாங்கல் எங்கே இருந்தது, அதன்மேல் இப்போது என்ன இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு புதுக் குழிக்கு அப்போது குறித்திருந்தது அதே மேற்கு மூலையைத்தான். தண்ணீர் தேங்குவது அங்கேதான். கழிப்பறையின் கழிவுநீர்த் தொட்டியும் அங்கேதான். அடிபம்பு பதினைந்து அடி தள்ளி.

அடுத்த வாரம் கடப்பாரை எடுத்தோம். மேற்கு மூலையில் ஒன்று, கிழக்கே வேப்பமரத்தைத் தாண்டி ஒன்று. ஓரடி நீளம், அகலம், ஆழம். இரண்டு முறை நீர் நிரப்பி மண்ணை ஊறவிட்டு, மூன்றாம் முறை ஸ்கேலை நட்டு அளந்தோம். கிழக்கே செம்மண்ணும் சரளையும். முக்கால் குழியிலிருந்து கால் குழிக்கு ஐம்பது நிமிடத்தில் இறங்கியது. மேற்கே மறுநாள் காலையிலும் இரண்டு விரல் அளவுதான் குறைந்திருந்தது. கொத்தனாரான ஒரு பெற்றோர் நீர்மட்டம் பார்க்கும் டியூபுடன் வந்திருந்தார். மேற்குக் குழி மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பானைதான் சார் செய்யலாம்" என்றார்.

கணக்கை மாணவர்களே போட்டார்கள். 200 ச.மீ. கூரையில் 10 மி.மீ. மழை என்றால் 2,000 லிட்டர். குழி 1 மீட்டர் சதுரம், ஒன்றரை மீட்டர் ஆழம். அடியும் பக்கங்களும் சேர்த்து 7 ச.மீ. களிமண் மணிக்கு 5 மி.மீ. உறிஞ்சினால் மணிக்கு 35 லிட்டர். 2,000 லிட்டர் இறங்க இரண்டு நாளுக்கு மேல். களிமண்ணுக்கு அதுவே தாராளக் கணக்கு. 30 மி.மீ. உறிஞ்சும் மண்ணில் பத்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தோராயம்தான், ஆனால் குழுக் கூட்டத்தில் தீர்மானத்தை மாற்றியது இந்தக் கணக்குதான். ஒரு மாணவன் கரும்பலகையில் எழுதிக் காட்டினான். குழி கிழக்கே போனது. மேற்கு மூலையில் இறக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, டியூப் மட்டம் பார்த்துச் சிறு வாய்க்கால் வெட்டி, நீரை ஏரிப் பக்கம் திருப்பினோம். கூரைக் குழாயை நீட்டியதில் செலவு கூடியது உண்மை.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஓரடிக் குழி மேல்மண்ணைத்தான் சொல்லும். இடம் முடிவானதும் முழு ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அடியில் களியோ பாறையோ குறுக்கிடுகிறதா என்று பார்த்து, அந்த ஆழத்திலேயே மீண்டும் சோதியுங்கள். ஆழக்குழி பெரியவர்கள் வேலை, மாணவர்கள் இறங்கக் கூடாது. கட்டடத்திலிருந்து 5 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் குறைந்தது 1 மீட்டர் இடைவெளி வேண்டும். இவை இரண்டும் பிரிட்டனில் பின்பற்றும் அளவுகள், நமக்கும் பொருந்தும். எனவே கிணற்றை மே மாதத்தில் எட்டிப் பார்த்துப் பயனில்லை, நவம்பரில் பாருங்கள். சோதனையையும் மழைக்கிடையே, நிலம் நனைந்திருக்கும்போது செய்யுங்கள்; காய்ந்து வெடித்த களிமண் கோடையில் விறுவிறுவென்று குடித்து நம்மை ஏமாற்றும்.

சோதனைக் குழிகளை அன்றன்றே மூடிவிடுங்கள். மறுநாளும் பார்க்க வேண்டிய குழிக்குப் பலகை போட்டுக் கல் வையுங்கள். மாலையில் மைதானத்தில் கபடி ஆட ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள்.