கச்சானும் கருப்பட்டியும்

ரம்புக்கனையில் நின்று கடுகண்ணாவை மலை ஏறும் ரயிலில் கச்சான் வாங்கிக் கொறிக்காதவர் குறைவு. அதே கச்சானில் வாயில் வைத்ததும் கரையும் டொபி ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். கேகாலைப் பக்கத்துக் கித்துள் கருப்பட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், சீனி எதற்கு?

கச்சானை இளஞ்சூட்டில் வறுத்துத் தோல் நீக்குங்கள். பிறகு நன்றாக அரையுங்கள். முதலில் மாவாகும். விடாமல் அரைத்தால் தன் எண்ணெயிலேயே குழையும். வேறு எண்ணெய் வேண்டாம்.

விழுது ஒரு கப் என்றால், துருவிய கருப்பட்டியும் ஒரு கப். கருப்பட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சுங்கள்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வையுங்கள். கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு அதில் விடுங்கள். கரைந்து போனால் இன்னும் காய வேண்டும். விரலால் உருட்ட மெத்தென்று, குழந்தையின் காது மடல் போல இருந்தால் அதுதான் பதம். கல்லாக இறுகினால் பதம் தாண்டிவிட்டது. அது டொபியாகாது, கடலை மிட்டாய்தான்.

மெத்தென்ற பதம் வந்ததும் உடனே அடுப்பை அணையுங்கள். விழுதையும் ஒரு சிட்டிகை உப்பையும் போட்டுக் கிளறுங்கள். உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், கருப்பட்டியின் மணத்தை அதுதான் எடுத்துக் கொடுக்கும். நெய் தடவிய தட்டில் கொட்டி அமர்த்தி, சூடு ஆறுமுன் கத்தியால் கோடு போடுங்கள்.

கச்சான் சிலருக்கு ஒவ்வாது. பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் அவர்களின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.