ஆடவர் தொழிலும் மகளிர் உரிமையும்

மைசூர் என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது தசராப் பெருவிழா. விளக்கொளியில் மின்னும் அரண்மனையும், அம்பாரி சுமந்த யானையும், வீதி நிறைந்த மக்களுமாக அந்த விழா நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. அவ்விழாவுக்கு அடிப்படையான கதை யாது? ஆடவர் எவராலும் வெல்ல முடியாத ஒரு பகைவனை, ஒரு பெண் படைக்கலம் ஏந்திக் களம் புகுந்து வென்றாள் என்பதே அது. ஊரின் பெயரும் அந்தப் பகைவனான மகிடனின் பெயரிலிருந்து பிறந்தது என்பர். போர்த் தொழிலைவிட ஆடவர்க்கே உரியதென்று கருதப்பட்ட தொழில் வேறு உண்டா? அதனையே கதையில் நாம் ஒரு பெண்ணின் கையில் ஒப்படைத்தோம். ஆண்டுதோறும் விழாவும் எடுக்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பெண் ஒருத்தி பட்டறையில் நின்று கடைசல் இயந்திரம் ஓட்டுகிறேன் என்றாலோ, மின்கம்பத்தில் ஏறுகிறேன் என்றாலோ, அது பெண்ணுக்கு ஏற்றதா என்று தயங்குகிறோம். கதையில் கொடுத்த உரிமையை வாழ்க்கையில் கொடுக்க ஏன் தயங்க வேண்டும்? இன்று இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

மைசூரின் வரலாற்றிலேயே இந்த முரண்பாட்டைக் காணலாம். 1895 முதல் 1902 வரை, இளவரசர் வயதடையும்வரை, சமஸ்தானத்தின் ஆட்சிப் பொறுப்பை வகித்தவர் மகாராணி கெம்பநஞ்சம்மணி அவர்கள். அவருடைய காலத்தில்தான் சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் உருப்பெற்றது. 1902ஆம் ஆண்டில் அந்த மின்சாரம் நெடுந்தொலைவு கடந்து கோலார் தங்கச் சுரங்கங்களைச் சென்றடைந்தது. நாட்டை ஆள்வதற்கு ஒரு பெண் தகுதியுடையவர் என்று ஏற்றுக்கொண்ட அதே காலம், மின்சாரத்தை உண்டாக்கும் பொறியைத் தொடுவதற்கு ஒரு பெண் வரக்கூடும் என்று கனவிலும் எண்ணியிருக்காது.

ஆனால் அப்பெண் வந்தார். 1922ஆம் ஆண்டில், மைசூருக்கு அருகே கபிலை நதிக்கரையில் உள்ள நஞ்சன்கூட்டில் பிறந்தவர் ராஜேசுவரி. அவருடைய பாட்டியார் கமலம்மா தாசப்பா மைசூர் சமஸ்தானத்தின் முதல் பெண் பட்டதாரிகளுள் ஒருவர். கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்டோருக்கும் கல்வி வேண்டும் என்று உழைத்தவர். பேத்தி பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கணிதம் பயின்று, மைசூர்ப் பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றார். பின்னர், மைசூர் அரசு வழங்கிய நிலத்தில் எழுந்த இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். 1947ஆம் ஆண்டில் கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். மின் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்று 1953இல் தாயகம் திரும்பினார். அதே விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியராக அமர்ந்து, 1982இல் ஓய்வு பெறும்வரை நுண்ணலைகளையும் ஆன்டெனாக்களையும் ஆராய்ந்தார். இருபது பேருக்கு டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் வழிகாட்டினார். ராஜேசுவரி சாட்டர்ஜி என்ற பெயரில் உலகம் அறிந்த அவர், கருநாடகத்தின் முதல் பெண் எஞ்சினீயர் என்று போற்றப்படுகிறார்.

வானொலியில் இதனைச் சொல்வதில் ஒரு பொருத்தமும் உண்டு. 1935ஆம் ஆண்டில் மைசூரில் பேராசிரியர் கோபாலசாமி தம் இல்லத்தில் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். அந்த நிலையத்திற்கு வழங்கிய ‘ஆகாசவாணி’ என்னும் பெயரே பின்னர் நாட்டு வானொலிக்கு உரியதாயிற்று. அப்போது மைசூர் சமஸ்தானத்தில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வளர்ந்துகொண்டிருந்தாள். வானில் பரவும் கண்காணா அலைகளின் இயல்பைப் பிற்காலத்தில் மாணவர்க்குக் கற்பிக்கப் போகிறவள் அவள் என்பதை யார் அறிந்திருப்பார்?

இத்தகைய வரலாறுகளைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு, திறமை இருந்தால் போதும், வழி தானே பிறக்கும் என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. திறமை இருந்தும் வாயில் அடைபட்டிருந்த கதைகள் பல. 1933ஆம் ஆண்டில் அதே விஞ்ஞானக் கழகத்தில் இடம் கேட்ட கமலா பாகவத் என்னும் மாணவிக்கு, பெண் என்ற காரணத்தால் முதலில் இடம் மறுக்கப்பட்டது. அவர் விடாது வாதாடிய பிறகே, ஓராண்டு சோதனை என்ற நிபந்தனையின்மேல் சேர்த்துக்கொண்டனர். சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் நிகழ்ந்ததும் நாம் அறியத்தக்கது. பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையுடன் நின்ற லலிதா என்னும் இளம்பெண் அங்கே மின் பொறியியல் பயின்று பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. அதனை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பெண் அந்தப் பட்டத்திற்கு வருவாள் என்று அச்சடித்தவர் எண்ணவே இல்லை!

படிப்பின் வாயிலைக் கடந்தாலும், பணியின் வாயிலில் விதிகள் காவல் நின்றன. மைசூருக்கு அண்டையிலுள்ள குடகு நாட்டின் விராஜ்பேட்டையில் பிறந்த சி. பி. முத்தம்மா, 1949ஆம் ஆண்டில் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். அப்பணியில் சேர்ந்த முதல் பெண் அவரே. ஆனால் அந்தப் பணியின் விதி என்ன சொல்லிற்று? பெண் அதிகாரி மணம் புரிய வேண்டுமானால் அரசாங்கத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். மணந்த பிறகு, குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறாகும் என்று அரசாங்கம் கருதினால் அவரை விலகும்படி கேட்கலாம். ஆண் அதிகாரிக்கு இத்தகைய விதி இல்லை. மனைவி மக்கள் அவருக்கு இடையூறு அல்லர் போலும்! பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்சநீதிமன்றத்தை நாடினார். 1979ஆம் ஆண்டில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு, அந்த விதிகளின் பாரபட்சத்தைக் கடுமையாகக் கண்டித்தது. வழக்கு முடிவதற்குள் அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. ஆயினும் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தீர்ப்பு வரை சென்றவை முப்பது ஆண்டுகள்.

இனி, மூன்றாவது வாயிலைக் காண்போம். அதன்மேல் ‘பாதுகாப்பு’ என்னும் பலகை தொங்குகிறது. ஆதலால் அதனை எதிர்த்துப் பேசுவதும் கடினமாக இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்கியது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அவர்களை நிலத்தடியிலிருந்து விலக்கியது. இவற்றைச் செய்தவர்கள் தீய எண்ணத்தோடு செய்தார்கள் என்று நாம் கூறவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் இருட்டிலும் புழுதியிலும் வதைத்த கொடுமையைக் கண்டு, மனம் நொந்து செய்த ஏற்பாடுகள் அவை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் உழைத்தன. 2001ஆம் ஆண்டில் அச்சுரங்கம் மூடப்பட்டது. நிலத்தடித் தூசி ஆடவரின் நுரையீரலை விட்டுவைத்ததா? இல்லை. பெண்ணை வெளியே நிறுத்தியதால் சுரங்கம் பாதுகாப்பாகிவிடவில்லை. பெண்ணுக்கு வேலை இல்லை என்பது மட்டுமே உறுதியாயிற்று. ஆபத்தை நீக்குவது கடினம். ஆளை நீக்குவது எளிது. எளிய வழியையே நாம் தேர்ந்துகொண்டோம்.

2000ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த இரவுத் தடையைச் செல்லாதென்று தீர்த்தது. பாதுகாப்பும் போக்குவரத்தும் பிற வசதிகளும் செய்து கொடுத்து வேலை கொடுக்க வேண்டும் என்றது. 2019ஆம் ஆண்டில், தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் ஆகிய பணிகளுக்காக மகளிர் சுரங்கத்தின் உள்ளேயும் இறங்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. சட்டத்தின் தாழ்ப்பாள் ஒவ்வொன்றாக விலகி வருகிறது.

ஆனால் நம் மனத்தின் தாழ்ப்பாள்? 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சாமுண்டி மலையின் அடிவாரத்தில் ஒரு மாணவிக்குக் கொடிய தீங்கு இழைக்கப்பட்டது. நாடே துடித்தது. அதைத் தொடர்ந்து மைசூர்ப் பல்கலைக்கழகம், மாலை ஆறரை மணிக்குப் பிறகு மாணவியர் வளாகத்தில் தனியே நடமாடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விடுத்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. குற்றம் செய்தவர் எவரோ. வீட்டினுள் அடைபட வேண்டியவர் எவரோ! படைக்கலம் ஏந்திய பெண்ணின் கதையைச் சுமந்து நிற்கும் மலையின் அடியில் இப்படி ஒரு கட்டளை பிறந்ததை எண்ணும்போது நம் நெஞ்சம் நாணுகிறது. மாலை ஆறரை மணிக்கு நூலகம் செல்ல முடியாத மாணவி, நாளை இரவு நேர மின்நிலையத்தில் எப்படிப் பொறுப்பேற்பாள்? இரவில் ரெயில் வண்டி எப்படி ஓட்டுவாள்?

உடல் வலிமை இல்லையே என்று சிலர் கேட்பர். நாற்று நடுவதும், செங்கல் சுமப்பதும், குடம் குடமாகத் தண்ணீர் தூக்குவதும் வலிமையின்றி நடப்பவையா? கூலி குறைந்த இடத்தில் பெண்ணின் வலிமை நமக்குத் தெரிகிறது. கூலி உயர்ந்த இடத்தில் அது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது! சித்தாளாகக் கல் சுமந்தவளைக் கொத்தனாராக உயர்த்த நமக்கு மனம் வருவதில்லை.

வீட்டை யார் கவனிப்பது என்று வேறு சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான், ஆனால் பெண்ணிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு எடுத்த கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்கு அதில் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். வெளியே ஆடவர் தொழிலைப் பெண்ணுக்குத் திறந்துவிட்டு, உள்ளே பெண்டிர் தொழிலை ஆடவர்க்குத் திறக்காவிட்டால், அது சமத்துவம் ஆகாது. இரட்டைச் சுமையே ஆகும்.

ஆகவே, செய்ய வேண்டியவை பெரிய அற்புதங்கள் அல்ல. பட்டறையில் பெண்களுக்கென்று தூய கழிப்பறை வேண்டும். அவர்கள் கைக்கும் உடலுக்கும் பொருந்தும் கையுறையும் காலணியும் வேண்டும். குழந்தையை விட்டுச் செல்ல ஒரு காப்பகம் வேண்டும். இரவில் வீடு திரும்ப வண்டி வேண்டும். வழியெங்கும் விளக்கு வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் மகளைச் சேர்க்க வரும் தந்தையிடம், தையல் வகுப்பை மட்டும் காட்டாமல் பொருத்துநர் வகுப்பையும் காட்ட வேண்டும். வீட்டில் மகனுக்கும் ஒரு துடைப்பத்தைக் கொடுக்க வேண்டும்.

நேயர்களே! நஞ்சன்கூட்டுச் சிறுமிக்குப் படித்த பாட்டி ஒருவர் வாய்த்தார். எல்லாச் சிறுமியருக்கும் அத்தகைய பாட்டி வாய்ப்பதில்லை. அந்தக் குறையைச் சமூகம்தான் நிறைவு செய்ய வேண்டும். முதல் பெண் என்று ஒருவரைப் பாராட்டும்போது நாம் பெருமைப்படுகிறோம். அவருக்கு முன் வந்து வாயிலிலேயே திரும்பிப் போன பெண்களை எண்ணி வருந்தவும் வேண்டும். பெண் எஞ்சினீயர், பெண் ஓட்டுநர் என்று அடைமொழி சேர்த்துச் சொல்லும் தேவை நீங்கி, எஞ்சினீயர் என்றும் ஓட்டுநர் என்றும் சொன்னால் போதும் என்ற நாள் வர வேண்டும். அன்றுதான் அந்த வாயில் உண்மையாகவே திறந்ததாகும்.